கரிசல் காட்டில் கிராசிங்

மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் எனக் கரிசல் காட்டின் ஊடே சென்ற சுமார் 160 கிலோமீட்டருக்கும் ஒரே தடம்தான். எதிரெதிரே வரும் இரு வண்டிகளில் ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றால்தான் மற்றது போக முடியும். இதற்குக் கிராசிங் என்று பெயர். தாமதத்தை ஒழிக்க வழியில்லாத இப்பாதையில், அதை யார் தலையில் வைப்பது என்பதே ரயில்வேயின் நூறாண்டுக் கவலையாக இருந்தது.

இந்தியாவின் ஒற்றைத் தடங்களில் நெடுங்காலம் பாதுகாப்புக்கு உத்தரவாதமாக இருந்தது டோக்கன். பல இடங்களில் அது கைக்கு அடங்கும் இரும்புப் பந்து. அடுத்தடுத்த இரு ஸ்டேஷன்களின் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டிலிருந்தும் இன்னொன்று வராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. நிற்காத வண்டிக்கு, வளையத்தில் கட்டிய பையில் அதைப் போட்டு பாயின்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிப்பார். டிரைவர் ஓட்டத்திலேயே பறித்துக்கொள்வார்.

யார் காத்திருப்பது என்பதைப் பிற்காலத்தில் தொலைபேசி வழியே முடிவு செய்தவர் கன்ட்ரோலர். அவர் முன் விரிந்த தாளில் ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், மறுபக்கம் மணி நேரம். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. இரு கோடுகள் வெட்டும் புள்ளி ஸ்டேஷனில் விழ வேண்டும். ஒரு வண்டி இருபது நிமிடம் பிந்தினால் புள்ளி நடுக்காட்டுக்கு நகர்ந்துவிடும். கோவில்பட்டியில் நடக்க வேண்டிய கிராசிங்கைக் குமாரபுரத்துக்கோ கடம்பூருக்கோ மாற்ற வேண்டும். கு. அழகிரிசாமியின் கதையால் வாசகர்கள் அறிந்த அந்தச் சின்னக் குமாரபுரம் ஸ்டேஷனுக்கும் இதில் பங்கிருந்தது. மெயிலுக்கு முதல் வழி, அடுத்து பாசஞ்சர், கடைசியில் கூட்ஸ். விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் வானில் வட்டமிடச் சொல்வதற்கு நிகராக, இங்கே கூட்ஸ், ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்பதற்கான லூப் லைனில் மணிக்கணக்கில் கிடந்தது.

இணைப்பு வண்டிக்கான காத்திருப்பு இன்னொரு வகை. 1911 ஜூன் 17 காலை கலெக்டர் ஆஷ் மணியாச்சி சந்திப்பில் காத்திருந்தது, கொழும்புக் கப்பலோடு இணைந்து தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக. அந்த இடைவெளியில்தான் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது.

மண்ணும் தன் பங்குக்கு நேரத்தை எடுத்துக்கொண்டது. கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலே போட்ட ஜல்லி மெல்லச் சேற்றில் புதையும்; தண்டவாளம் மட்டம் தவறும். பழுது பார்க்கும்வரை அங்கே வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

அகலப் பாதை வந்த பிறகும் பல ஆண்டுகள் தடம் ஒன்றாகவே நீடித்தது. இரட்டைப் பாதை 2020-களில்தான் நிறைவேறியது. எதிர்வண்டிக்காக நிற்கும் அவசியம் மதுரைக்கும் மணியாச்சிக்கும் இடையே இப்போது இல்லை. பின்னால் வரும் வேக வண்டிக்கு வழிவிட மட்டும் மெதுவான வண்டிகள் இன்னும் ஒதுங்குகின்றன.