பார்சல் சுங்கத்தில் நிற்கிறதா? மீட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தியாவில் இருந்து அத்தை அனுப்பிய புடவை, ஆன்லைனில் ஆர்டர் செய்த ஹெட்ஃபோன், பாட்டிக்கு வரவழைத்த லேகியம். டிராக்கிங்கைத் திறந்தால் நான்கு நாளாக ஒரே வரி: 'சுங்கப் பரிசோதனையில் உள்ளது'. பெஸ்தாரி ஜெயாவிலோ தஞ்சோங் காராங்கிலோ இருந்துகொண்டு என்ன செய்வது?

முதலில், பதற வேண்டாம். உடனே சிப்பாங்குக்குக் கிளம்பவும் வேண்டாம். பெரும்பாலான பார்சல்கள் சரியான காகிதம் போய்ச் சேர்ந்தாலே வெளியே வந்துவிடும்.

பார்சல் இப்போது யார் கையில்?

விமானத்தில் வரும் பார்சல்கள் பெரும்பாலும் கே.எல்.ஐ.ஏ. வழியாகவும், கப்பலில் வரும் பெட்டிகள் கிள்ளான் துறைமுகம் வழியாகவும் நம் பக்கம் வருகின்றன. சோதித்து வரி விதிப்பது அரச மலேசிய சுங்கத்துறை. ஆனால் உங்கள் சார்பில் சுங்கத்திடம் பேசுவது கூரியர் நிறுவனம் அல்லது போஸ் மலேசியா. அதனால் முதல் போன் அவர்களுக்குத்தான். டிராக்கிங் எண்ணைச் சொல்லி இரண்டே கேள்வி கேளுங்கள்: 'எதுக்காக நிற்குது? என்ன ஆவணம் வேணும்?'

எஸ்டேட் முகவரியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். பல வீடுகளுக்கு ஒரே முகவரி, கடிதமெல்லாம் ஆபீசுக்கு வரும் என்றால், அறிவிப்பு உங்கள் கைக்கு வருவதற்குள் நாள் ஓடிவிடும். பார்சலில் உங்கள் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கட்டும். பெயர் ஐ.சி.யில் உள்ளபடியே இருக்கட்டும். ஊரில் கூப்பிடும் செல்லப் பெயரை எழுதி அனுப்பினால், 'இது நான்தான்' என்று நிரூபிக்கவே அலைய வேண்டிவரும்.

ஏன் நிறுத்துகிறார்கள்?

பொதுவாக மூன்று காரணங்கள்.

ஒன்று, விலை தெரியவில்லை. பெட்டியில் வெறும் 'பரிசு' என்று எழுதியிருந்தால் அதிகாரி எதை வைத்துக் கணக்குப் போடுவார்? இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, பொருளின் இணைய இணைப்பு, ஐ.சி. நகல் ஆகியவற்றை அனுப்புங்கள்.

இரண்டு, வரி கட்ட வேண்டியிருக்கிறது.

மூன்று, வேறொரு துறையின் அனுமதி தேவை. விதை, செடி, இறைச்சி என்றால் மாகிஸ். புளூடூத், வைஃபை உள்ள கருவி என்றால் சிரிம். மருந்து, லேகியம் என்றால் சுகாதார அமைச்சு. விதைக்கும் செடிக்கும் அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். பொருள் வந்து இறங்கிய பிறகு ஓடினால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள், அல்லது அழித்துவிடுவார்கள்.

வரி எவ்வளவு வரும்?

விமானக் கூரியரில் வரும் பார்சலின் மதிப்பு 500 ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் இறக்குமதி வரி இல்லை. சிகரெட், புகையிலை, மதுவுக்கு இந்தச் சலுகை கிடையாது. இந்த 500 ரிங்கிட் பொருளின் விலை மட்டுமல்ல, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்தது. அத்தையின் புடவை 460 ரிங்கிட், அனுப்பிய செலவு 70 ரிங்கிட் என்றால் மதிப்பு 530 ரிங்கிட். வரம்பைத் தாண்டியாச்சு. 'பரிசுதானே' என்று சொன்னாலும் கணக்கு மாறாது.

தாண்டினால் எப்படிக் கணக்கிடுவார்கள்? மொத்த மதிப்பு 700 ரிங்கிட், இறக்குமதி வரி 5 விழுக்காடு, விற்பனை வரி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி வரி 35 ரிங்கிட். விற்பனை வரியை 735 ரிங்கிட்டுக்குப் போடுவார்கள்: 73.50 ரிங்கிட். ஆக மொத்தம் 108.50 ரிங்கிட். விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். சுங்கத்துறையின் 'எச்.எஸ். எக்ஸ்புளோரர்' அகப்பக்கத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு, 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளர் அதை வாங்கும்போதே எடுத்துவிடுவார். அந்த ரசீதை அழிக்காதீங்க. வரியை ஏற்கனவே கட்டியதற்கு அதுதான் சாட்சி.

கூரியரின் சேவைக் கட்டணம் வேறு, சுங்க வரி வேறு. இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். வரியைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீங்க. பொய்யான அறிவிப்பு சுங்கச் சட்டப்படி குற்றம்.

'பறிமுதல்' என்று கடிதம் வந்தால்?

ஆவணத்துக்காக நிறுத்தி வைப்பது வேறு, பறிமுதல் வேறு. பறிமுதல் என்றால் நாள் எண்ண ஆரம்பியுங்கள். 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி, பறிமுதல் செய்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் 'பொருள் என்னுடையது' என்று எழுத்து மூலம் உரிமை கோர வேண்டும். யாரும் கோராவிட்டால் பொருள் அரசுடைமை ஆகிவிடும். போனில் பேசியது உரிமை கோரியதாகாது. கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இது நிஜமாகவே சுங்கத்துறையா?

'உங்கள் பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கிச்சு, இந்தக் கணக்கில் பணம் போடுங்க' என்று புலனத்தில் தகவல் வரலாம். பேஸ்புக்கில் பழகிய வெளிநாட்டு நண்பர் தங்கமும் டாலரும் அனுப்பியதாகச் சொல்லலாம். இப்படி ஏமாந்து சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள்.

ஒரு விதியை மறக்காதீங்க: சுங்கத்துறை தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்லாது. சந்தேகம் வந்தால்:

• நீங்கள் எதிர்பார்க்காத பார்சலுக்கு ஒரு சென் கூடக் கட்டாதீர்கள்.
• அவர்கள் அனுப்பிய இணைப்பைத் தொடாமல், கூரியரின் அகப்பக்கத்தில் நீங்களே டிராக்கிங் எண்ணைத் தட்டிப் பாருங்கள்.
• கணக்கு எண்ணைப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் சரிபாருங்கள்.
• சுங்கத்துறையையே 1-300-888-500 எண்ணில் கேளுங்கள்.

பணம் போட்டுவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணுக்கோ உங்கள் வங்கிக்கோ அழையுங்கள், பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்திப் பிடிக்க அவ்வளவு வாய்ப்பு.

வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிக்கும் இதைத் தமிழில் ஒருமுறை சொல்லி வையுங்கள். அவர்கள் கைப்பேசிக்கும் அதே தகவல் வரும்.