பொதட்டூர்பேட்டையில் ஒரு தையல் மிஷின்

பழைய தையல் மிஷின்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் என் பொழுதுபோக்கு என்று சொன்னால் இலக்கிய நண்பர்கள் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். ஓலைச்சுவடி என்றால் மரியாதை. கல்வெட்டு என்றால் இன்னும் மரியாதை. தையல் மிஷின் என்றால் டெய்லர் கடை. சரித்திரத்தை எழுத்தில் மட்டுமே தேடிப் பழகிய கண்ணுக்கு இரும்பு சாட்சியமாகப் படுவதில்லை. இத்தனைக்கும் இந்த இரும்பிலும் எழுத்து இருக்கிறது. சிங்கர் மிஷினின் படுக்கைத் தட்டில், வலது கைப்பக்கம், அழுக்கைத் துடைத்தால் ஓர் எழுத்தும் சில இலக்கங்களும் தென்படும். 1900-க்கு முந்தியவற்றில் எழுத்து இல்லை, வெறும் எண்தான். பிறகு ஒற்றை எழுத்து வருகிறது. 1920களின் நடுவிலிருந்து இரட்டை எழுத்து. எஃப் என்றால் 1910களில் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் செய்தது. இ.ஜி. என்றால் இரண்டாம் போருக்குப் பிந்தியது. இதிலும் ஒரு பாடபேதப் பிரச்னை உண்டு. அந்த எண்ணுக்குரிய தேதி, எண்களைக் கட்டுக்கட்டாக ஒதுக்கிய தேதியே தவிர மிஷின் முடிந்து வெளிவந்த தேதி அல்ல. ஸ்டாண்டு ஓரிடத்தில், தலை ஓரிடத்தில், சக்கரம் லூதியானாவில் என்று கலப்படமாக வந்து சேருவதும் சகஜம்.

பொதட்டூர்பேட்டையில் என் கைக்கு வந்தது எஃப் எழுத்து. கைமிஷின், சிங்கர் 28. முழு அளவில் முக்கால் பங்கு இருக்கும். வட்ட பாபின் கிடையாது. படகு மாதிரி ஒரு ஷட்டில், அதற்குள் நீளமான பாபின், முன்னும் பின்னும் ஊஞ்சலாடிக்கொண்டு போய்வரும். அந்தத் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓய்வதில்லை. தறியில் ஓடும் நாடாவையும் இந்தப் படகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் படகை எடுத்துப் பார்த்து, "இது எங்க நாடாவோட குட்டி" என்றான். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு துல்லியமான விளக்கம் இல்லை.

மிஷினுக்கு உடைமைக்காரர் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியம்மா. அவருடைய மாமியார் அரக்கோணம் ரயில்வே காலனியில் ஒரு சட்டைக்காரக் குடும்பத்திடம் பழசாக வாங்கியது என்று சொன்னார். ஆங்கிலோ இந்தியர்களுக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. வேட்டியும் சேலையும் தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்பட்ட ஊர்களில், தைத்த துணியே ஓர் இனத்துக்குப் பெயராகிவிட்டது. நெசவாளர் தெருவில் தையல் மிஷின் நுழைந்ததைச் சாதாரண நிகழ்ச்சியாக நான் நினைக்காததற்கு இதுதான் காரணம். வெட்டுவதும் தைப்பதும் நெய்தவன் வேலைக்கு மேல் இன்னொருவன் கை வைப்பது. ரவிக்கையும் பள்ளிக்கூட நிஜாரும் வந்த பிறகு அந்த இன்னொருவன் பெரும்பாலும் பெண்ணாக இருந்தாள், வீட்டுத் திண்ணையில்.

மிஷின் செய்யப்பட்ட இடத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளைடுபேங்க் ஆலை 1885-ல் திறந்தது, 1980-ல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டாலும் அங்கே ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர். 1911 மார்ச்சில் மரப்பெட்டிகளுக்குப் பாலிஷ் போடும் பெண்கள் பகுதியில் பதினைந்து பேர் வேலையைப் பன்னிரண்டு பேர் செய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொல்ல, அந்தப் பன்னிரண்டு பேர் வெளியே வந்தார்கள். அவர்களுக்காகச் சில நாட்களில் ஏறக்குறைய பதினோராயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். மூன்று வாரம் தாக்குப்பிடித்துத் தோற்றார்கள். பிறகு முன்னணியில் நின்றவர்களைப் பொறுக்கி எடுத்து, நானூறு பேர் வரை வெளியேற்றினார்கள். இந்த வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், ஏப்ரல் 1 அன்று, இங்கே சித்தூர் ஜில்லா புதிதாக உண்டாக்கப்பட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் பெரியம்மாவின் மிஷினுடைய மரக்கூட்டைத் தடவும்போது இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. அந்தக் கூட்டுக்குப் பாலிஷ் போட்டவள் பெயர் எங்கும் இல்லை. திண்ணையில் தைத்தவள் பெயரும் இல்லை. ஆலை லெட்ஜரில் எண் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஜில்லா விவகாரம் அதோடு நிற்கவில்லை. 1953-ல் இந்தப் பகுதி ஆந்திராவோடு போனது. ம.பொ.சி. முதலானவர்களின் எல்லைக் கிளர்ச்சிக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. பெரியம்மாவுக்குக் கல்யாணம் 1959-ல், ஆந்திராவில். தலைப்பிள்ளை பிறந்தது அடுத்த வருஷம், தமிழ்நாட்டில். இரண்டும் ஒரே வீட்டில்தான். மிஷினும் நகரவில்லை.

காந்தி இயந்திரங்களைக் கண்டித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். 1924-ல் ராமச்சந்திரன் என்ற மாணவர் அவரை மடக்கிக் கேட்டபோது அவர் ஒரு விலக்கு அளித்தார்: சிங்கர் தையல் மிஷின். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துச் சகிக்காமல் அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தி சொன்ன கதை. உண்மை நேர் எதிர். ஐசக் மெரிட் சிங்கர் நாடக நடிகர், 1851-ல் காப்புரிமை வாங்கினார், நோக்கம் பணம். பல பெண்களிடம் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். தவிர, நுனியில் கண் வைத்த ஊசிக்கும் இரட்டை நூல் பூட்டுத் தையலுக்கும் 1846-லேயே உரிமை பெற்றிருந்தவர் எலியாஸ் ஹோவ். சிங்கர் அவருக்குப் பணம் கட்ட நேர்ந்தது. காந்தியை ஏமாளி என்று சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மிஷினைச் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே என்று அடுத்த கேள்வி வந்ததும் அவர் நழுவவில்லை. அப்படிப்பட்ட ஆலைகள் அரசாங்கத்திடம் இருக்கட்டும் என்றார். ஆனால் கேள்வியும் பதிலும் ஆலையோடு நின்றுவிட்டன. திண்ணையில் கைப்பிடி சுற்றுபவளிடம் யாரும் போய் எதுவும் கேட்கவில்லை.

இனி பழுது பார்த்த கதை. சக்கரம் அசையவே இல்லை. துரு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் துரு அல்ல, எண்ணெய். யாரோ நல்லெண்ணத்தில் விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விட்டிருப்பார்கள். அது வருஷக்கணக்கில் இறுகிக் கோந்தாகிவிடும். துளித்துளியாக மண்ணெண்ணெய் விட்டு, அவசரப்படாமல், தினமும் ஒரு நூலளவு அசைத்துப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் நாள் சுற்றியது. அப்புறம் மிஷின் எண்ணெய் மட்டும். ஸ்பிரிட் தொடவே கூடாது. பொன் சித்திரங்களின் மேல் பூசியிருப்பது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அது கரையும், பொன்னும் கூடவே போகும். இந்தத் தவற்றை என் முதல் மிஷினில் நானே செய்தேன். ஒரு பஞ்சு உருண்டையில் முழுச் சித்திரமும் வந்துவிட்டது.

பெரியம்மாவின் மிஷினில் படுக்கையின் இடது முன்பக்கம் பொன் சுத்தமாகத் தேய்ந்து கறுப்பும் போய் இரும்பு தெரிந்தது. வலது கை சுற்ற, இடது கை துணியைத் தள்ளும் இடம். பட்டணத்தில் சேகரிப்பாளர்கள் இந்த இடத்துக்குப் புதுச் சித்திரம் ஒட்டிப் பளபளக்க வைக்கிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. சுவடியில் செல்லரித்த இடத்தில் பதிப்பாசிரியன் தன் சொந்த வரியை எழுதி நிரப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? புள்ளி வைத்து விட்டுவிடுவதுதான் யோக்கியம். ஆனாலும் சபலம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஓரங்களையாவது சமன்செய்யலாம் என்று நகத்தால் லேசாகச் சுரண்டினேன்.

"அத்த இன்னாத்துக்கு தம்பி சுரண்டற? அது எங்க அத்த கை பட்டது பாதி, என் கை பட்டது பாதி."

கையை எடுத்துவிட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்கு வேறு கவலை. 2009-ல் சவூதியில் ஒரு புரளி கிளம்பியது: பழைய சிங்கரில் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, ஊசிக்குப் பக்கத்தில் செல்போனைக் கொண்டுபோனால் லைன் அறுந்துவிடும் என்று. இரண்டு லட்சம் ரியால் வரை விலை பேசினார்களாம். நம்மூர் இரிடியம் கலசத்தின் தம்பி. அந்தப் புரளியின் மிச்சம் இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது போல. பேரன் போனில் என்னிடமே விசாரித்தான். உள்ளே இருந்தது பழைய எண்ணெய்ப் பிசின், ஒரு குண்டூசி, ஊதாப் பாப்ளின் துணுக்கு ஒன்று, இவ்வளவுதான் என்றேன். நம்பினானா தெரியாது.

மிஷினைத் திரும்பக் கொண்டுபோய் வைத்த அன்று பெரியம்மா என்னை நூல் கோக்க விடவில்லை. கண் சரியாகத் தெரியாது. விரலால் தடவித் தடவியே படகில் பாபினைப் போட்டு, நூலை இழுத்து, ஊசியில் கோத்துவிட்டார். பரணிலிருந்து ஒரு மூட்டாத கைலியை எடுத்து இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தார். தறியிலிருந்து வருகிற துணிகளில் கைலிக்கு மட்டும்தான் அந்த ஒரே ஒரு தையல் வேண்டியிருக்கிறது. முதல் ஒரு சாண் தையல் விட்டுவிட்டு வந்தது. டென்ஷனைக் கால் சுற்று இறுக்கினார். பிறகு கடைசிவரை நேராகப் போனது.