போக்கிமொன் விளையாட்டுகளில் எதிர்க்குழுக்கள்: ஒரு வரலாற்று நோக்கு

பகைவனின் குலத்தையும் வீரத்தையும் கல்வியையும் முதலிற் புகழ்ந்துரைத்து, பின்னர் அவனைத் தலைவன் வென்றதாகக் கூறும் முறை தமக்கு உவப்பளிப்பது என்று வடமொழித் தண்டியாசிரியர் காவியாதர்சத்திற் குறிப்பிட்டுள்ளார். எதிரியின் உயர்விலேதான் தலைவனின் உயர்வும் தங்கியுள்ளது என்பது இதன் உட்கிடை. காவியங்களுக்குக் கூறப்பட்ட இக்கருத்து, இன்று இளைஞர் கையிலுள்ள சிறு திரைகளில் நிகழும் கதைகளுக்கும் பொருந்துவதாகும். விநோதப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டொன்றுக்குப் புதிய எதிர்க்குழுவொன்றைப் படைக்க விரும்புவோர், பெரும்பாலும் பெயர், சீருடை, இலச்சினை ஆகியவற்றிலிருந்தே தொடங்குகின்றனர். எங்கிருந்து தொடங்குதல் வேண்டும் என்பதை, இவ்வகை விளையாட்டுகளுட் பெரும்புகழ் பெற்ற போக்கிமொன் வரிசையின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரிசையின் முதல் விளையாட்டுகள் 1996 பெப்ரவரியில் யப்பானில் வெளிவந்தன. இதனைக் கருக்கொண்ட சத்தோஷி தஜிரி, ரோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதிற் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் ஈடுபாடு கொண்டவர். வயல்களும் குளங்களும் கட்டடங்களாக மாறியபோது பூச்சிகள் மறைந்தன. இழந்த அந்த இன்பத்தையே அவர் விளையாட்டாக மீட்டெடுத்தார். கதை எளிமையானது. ஊரைவிட்டுப் புறப்படும் சிறுவன் காட்டுப் பிராணிகளைப் பந்துகளில் அடைத்துப் பிடிக்கின்றான், பழக்குகின்றான், பிறருடைய பிராணிகளோடு பொருதவிடுகின்றான், எட்டுப் பதக்கங்களை வென்று வாகை சூடுகின்றான்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது. சுதந்திரமாகத் திரிந்த உயிரைப் பிடித்து அடைப்பவன் கதையின் தலைவன். அவ்வாறாயின், எதிரி செய்யும் குற்றம் யாது? கடந்த கால எதிர்க்குழுக்கள் ஒவ்வொன்றும் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு விடையே எனலாம்.

முதல் விடை பணம். றொக்கெற் குழுவினர் பிராணிகளைத் திருடுவர், விற்பர், தடுத்தால் கொல்லவும் செய்வர். தாயை இழந்த கியூபோன் என்னும் குட்டியின் கதை பலரை உலுக்கியதொன்று. அவர்களுடைய மறைவிடம் ஒரு சூதாட்டக் கூடத்தின் கீழே உள்ளது. அவர்களுடைய தலைவன் ஜியோவானியோ எட்டாவது பதக்கத்தை வழங்கும் மதிப்புக்குரிய பயிற்சிக்கூடத் தலைவனாகவும் விளங்குகின்றான். குற்றக் கும்பல்களை ஒடுக்கும் சட்டம் யப்பானில் 1991 இல் நிறைவேறி மறுவருடம் நடைமுறைக்கு வந்தது. கும்பல்கள் அலுவலகமும் இலச்சினையும் வைத்து வெளிப்படையாக இயங்கிய நாட்டிலே, சீருடை அணிந்த கொள்ளையர் வெறுங்கற்பனையாகத் தோன்றியிருக்க மாட்டார்கள்.

ஆயினும் நுணுகி நோக்கின் இவ்விடை நிறைவானதன்று. அச்சூதாட்டக் கூடத்தின் பரிசுச் சாளரத்திலே, நாணயங்களைக் கொடுத்துத் தலைவனும் பிராணிகளை வாங்கலாம். றொக்கெற் குழு தோற்றோடிய பின்னரும் அச்சாளரம் மூடப்படுவதில்லை. விற்பனை குற்றமாயின் வாங்குதல் எத்தகையது என்று விளையாட்டுக் கேட்பதில்லை. மற்றொரு காட்சியும் நோக்கற்பாலது. பாலமொன்றில் ஐவரை வென்ற சிறுவனிடம், எங்களோடு சேர்ந்துவிடு என்று றொக்கெற் குழுவினன் ஒருவன் அழைக்கின்றான். சிறுவனுடைய திறமை எதிரிக்கும் தேவைப்படும் அதே திறமைதான் என்பதை அவன் அறிந்திருந்தான்; விளையாட்டை ஆக்கியோர் அதனை மேலும் தொடரவில்லை.

1999 இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அதே குழு, ஸ்லோபோக் என்னும் மந்தப் பிராணியின் வாலை அறுத்து விற்றது. 2002 இல் பணத்தின் இடத்தைக் கொள்கை பிடித்தது. மக்மா குழு நிலத்தைப் பெருக்க விரும்பியது. அக்குவா குழு கடலைப் பெருக்க விரும்பியது. இக்கதை நிகழும் நாடு கியூஷூத் தீவைத் தழுவியது. அத்தீவின் இசஹாயா விரிகுடாவை அணைக்கதவுகளால் அடைத்து நிலமீட்பு வேலை நடைபெற்றதும், 1997 இல் அக்கதவுகள் மூடப்பட்ட காட்சி நாடெங்கும் சர்ச்சையைக் கிளப்பியதும் வரலாறு. அதனைப் பார்த்தே இதனை அமைத்தனர் என யான் வாதிடவில்லை. நிலமா கடலா என்பது அங்கு வாழ்ந்த மக்களுக்கு வெறும் புனைவு அன்று என்பதே என் கருத்து. 2006 இல் வந்த கலக்ரிக் குழுவோ, உணர்ச்சிகளற்ற புதிய பிரபஞ்சத்தையே படைக்க முனைந்தது. குறிக்கோள் பெருத்தது, ஆனால் எதிரிக்கும் தலைவனுக்குமிடையிலான தொடர்பு மெலிந்தது. உலகை அழிக்க வருபவனை எதிர்ப்பதற்கு எவருக்கும் சிந்தனை வேண்டியதில்லை.

இவ்வரலாற்றின் திருப்பம் 2010 ஆகும். அவ்வாண்டில் வந்த பிளாஸ்மா குழுவினர், ஊர்ச் சதுக்கத்திலே கூட்டம் கூட்டி, பிராணிகளை மனிதர் விடுதலை செய்யவேண்டும் எனப் பிரசாரம் செய்தனர். பதினான்கு ஆண்டுகளாக எவரும் கேளாத வினாவை எதிரியே கேட்டுவிட்டான்! குழுவின் அரசனாக முடிசூட்டப்பட்ட 'என்' என்ற ஓரெழுத்துப் பெயருடைய இளைஞன், மனிதரால் துன்புற்ற பிராணிகளோடு வளர்க்கப்பட்டவன். தான் சொல்வதை உண்மையாகவே நம்புபவன். தண்டி வேண்டிய எதிர்த்தலைவன் இவனே. ஆனால் ஆக்கியோர் இறுதியில் அஞ்சிவிட்டனர் என்றே கூறல் வேண்டும். குழுவின் பின்னணியில் நின்ற கெற்சிஸ், பிறர் யாவரும் தம் பிராணிகளைத் துறந்தபின் தான் மட்டும் அவற்றை வைத்திருந்து உலகை ஆளத் திட்டமிட்டவன் எனக் கதை வெளிப்படுத்துகின்றது. சொன்னவன் வஞ்சகன் ஆகவே, சொல்லப்பட்டதற்கு விடை கூறும் கடமை நீங்கிவிடுகின்றது. இதனினும் முரணானது ஒன்றுண்டு. விடுதலை பேசிய அந்த இளைஞனை எதிர்கொள்வதற்கு முன், ஆட்டக்காரர் பழம்பெரும் நாகமொன்றைப் பந்தில் அடைத்தே ஆகவேண்டும். அதைப் பிடிக்காமற் கதை நகராது.

பின்வந்தோர் இவ்வினாவைப் பக்கவாட்டில் அணுகினர். 2013 இல் பிளேர் குழுவின் லைசாண்டர், வளங்கள் எல்லோருக்கும் போதாவென்று மல்தஸ் பாணியில் வாதிட்டு, பெரும்பாலோரை அழிக்கத் துணிந்தான். 2016 இன் ஈதர் நிறுவனம் ஆழமானது. காயமுற்ற பிராணிகளைப் பேணும் வெண்ணிற நிறுவனம் அது. அதன் தலைவி லூசமினோ, தான் நேசித்தவற்றை என்றும் மாறாதிருக்க உறையவைத்துச் சேமித்திருந்தாள். சேர்த்தல் என்ற செயலின் எல்லை இதுவே. தன் கணினிப் பெட்டிகளில் நூற்றுக்கணக்கான பிராணிகளை அடுக்கி மறந்துவிட்ட ஆட்டக்காரர் அவ்வறையிற் சற்றே தயங்கி நிற்பது நியாயம். 2022 இல் வந்த ஸ்ரார் குழு பாடசாலையிற் பகிடிக்கும் கொடுமைக்கும் உள்ளான மாணவர் கூட்டம். அங்கு குற்றவாளி எனப்பட்டவரே பாதிக்கப்பட்டவர். மனத்தைத் தொடும் கதைதான். ஆயினும் பிராணிகள் அதிற் புறத்தே நிற்கின்றன.

எனவே, நினைவில் நிலைத்த எதிரிகள் தலைவனுடைய செயலையே ஓரடி கூடுதலாகச் செய்தவர்கள். புதிய குழுவைப் படைப்போர், ஆட்டக்காரர் நாள்தோறும் கூச்சமின்றிச் செய்வதும் கதை இதுவரை பேசாததுமான செயலொன்றைத் தேடல் வேண்டும். அத்தகையதொன்று உண்டு. 1999 முதல் இவ்விளையாட்டுகளிற் பிராணிகளை இனப்பெருக்கஞ் செய்யலாம். ஒவ்வொரு குஞ்சுக்கும் ஆறு இயல்புகளில் மறைவான பிறவி எண்கள் உள; 2002 முதல் இவை 0 இலிருந்து 31 வரை அமைகின்றன. உயர்ந்த எண்களை நாடும் ஆட்டக்காரர் முட்டைகளை நூற்றுக்கணக்கிற் பொரிக்கவைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை வெளியே விட்டுவிடுகின்றனர். அவை எங்கே போகின்றன என்பதை எந்த விளையாட்டும் காட்டியதில்லை.

யான் முன்வைக்கும் தெரிவுக் கழகம் என்னும் குழு இதிலிருந்தே பிறக்கின்றது. அதற்குச் சீருடை வேண்டியதில்லை. ஊர்தோறும் இலவசப் பொரிப்பகம் நடத்தும் நற்பெயருடைய நிறுவனம் அது. தலைவனுக்கு முதற் பிராணியை அளிப்பதும் அதுவே. இடைநடுவில், குறைந்த எண்களோடு கழிக்கப்பட்ட குஞ்சுகள் காடுகளிற் பெருகி, அங்கு வாழ்ந்த இனங்களை உணவின்றித் துரத்துவதைச் சிறுவன் காண்கின்றான். கழகத்தின் தலைவி பொய் பேசுபவளாய் அமைதல் கூடாது. பிளாஸ்மா குழுவிற்கு நேர்ந்த தவறு இங்கு திரும்பவும் நேரக்கூடாது. வலிமையானவற்றை வேண்டியோர் நீங்களே, யாம் உதவினோம் என்பதே அவளுடைய வாதம். இறுதிப் போருக்கு முன், ஆட்டக்காரர் தாமே இதுவரை வெளியேற்றிய பிராணிகளின் தொகையை அவள் வாசித்துக்காட்டுவாள்; அத்தொகையை விளையாட்டு தொடக்கத்திலிருந்தே குறித்துவைத்திருக்கும். ஒன்றையேனும் வெளியேற்றாதவருக்கு அவ்விடத்தில் வேறோர் உரையாடல் எழுதப்படல் வேண்டும்.