கருப்பு வெள்ளை போட்டோ பிரிண்ட்டில் பச்சை அடிக்கிறதா? கலர் பிரிண்டருக்குள் நடப்பது இதுதான்

தாத்தா பாட்டியின் கல்யாணப் போட்டோ வீட்டில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து, கீறல்களை நீக்கி, கலர் பிரிண்டரில் பிரிண்ட் கொடுக்கிறீர்கள். திரையில் சுத்தமான கருப்பு வெள்ளையாகத் தெரிந்த படம் பேப்பரில் லேசாகப் பச்சை அடிக்கிறது. வேறு பேப்பரில் எடுத்தால் ரோஸ் சாயல் வருகிறது. "மை தீர்ந்துபோச்சோ?" என்று உடனே புது பாட்டில் வாங்க ஓடாதீர்கள். மை நிறைய இருந்தாலும் இது நடக்கும்.

சாம்பல் நிறம் எங்கிருந்து வருகிறது?

சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் இருப்பவை சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என நான்கு மைகள். சாம்பல் மை கிடையாது. முகத்தின் நிழல், புடவை மடிப்பு என எல்லா சாம்பல் ஷேடுகளையும் பெரும்பாலும் மூன்று வண்ண மைகளைக் கலந்தே பிரிண்டர் உருவாக்குகிறது. விகிதம் சரியாக இருந்தால் சாம்பல். மெஜந்தா கொஞ்சம் குறைந்தால் பச்சை, கூடினால் ரோஸ்.

கலர் படத்திலும் இதே பிசகு இருக்கலாம். ஆனால் பல வண்ணங்களுக்கு நடுவே அது கண்ணில் படாது. சாம்பலில் மட்டும் நம் கண் சட்டென்று பிடித்துவிடும்.

கருப்பு மை இருக்கிறதே, அது என்ன ஆனது?

பல வீட்டு பிரிண்டர்களில் கருப்பு மை 'பிக்மென்ட்' வகை, வண்ண மைகள் 'டை' வகை. பிக்மென்ட் என்பது நுண்ணிய துகள்கள், டை என்பது கரைந்த சாயம். எழுத்துகளை அச்சடிக்க வைத்திருக்கும் அந்தக் கருப்பு, பளபளப்பான போட்டோ பேப்பரில் சரியாகப் பிடிக்காது. அதனால் 'க்ளாஸி' என்று தேர்ந்தெடுத்ததும், பல மாடல்கள் கருப்பு மையைத் தொடாமல் வண்ணங்களைக் கலந்தே கருப்பையும் உருவாக்குகின்றன. 'கிரேஸ்கேல்' என்று கொடுத்தாலும் இதே கதைதான்.

கருப்பு மையை மட்டும் பயன்படுத்தினால் வண்ணச் சாயல் போய்விடும். ஆனால் வெளிர் சாம்பலைக் காட்ட கருப்புப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். முகத்தில் அவை மணல் தூவியதுபோலத் தெரியும்.

டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம்

ஒவ்வொரு விளக்கின் ஒளியும் ஒவ்வொரு கலவை. மூன்று மைகளும் அதை வெவ்வேறு விதமாகப் பிரதிபலிக்கும். அதனால் ஹாலில் சரியாக இருந்த சாம்பல், ஜன்னலோரத்தில் நிறம் மாறித் தெரியும். இதை மெட்டாமெரிசம் என்பார்கள்.

இன்னொரு சிக்கல் காலம். டை மைகள் வெளிச்சத்திலும், காற்றிலுள்ள ஓசோனிலும் மங்கும். எல்லாம் ஒரே வேகத்தில் மங்காது. ஒரு மை முந்திக்கொண்டால், சுவரில் மாட்டிய கருப்பு வெள்ளைப் படம் சில ஆண்டுகளில் கலர் மாறி நிற்கும். பிக்மென்ட் மைகள் பொதுவாக அதிக காலம் தாங்கும்.

வீட்டிலேயே எடுக்கிறீர்களா?

• முதலில் ஃபைலைச் சரிபாருங்கள். பழைய படத்தின் மஞ்சள் கறை ஸ்கேனிலும் வந்திருக்கும். எடிட்டிங் ஆப்பில் நிறத்தை முழுதாக நீக்கிவிட்டால், மிச்சமிருக்கும் சாயல் பிரிண்டருடையது என்று உறுதியாகிவிடும்.

• பேப்பர் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மை அளவை பிரிண்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. க்ளாஸியில் சாயல் போகவே இல்லையா? மேட் பேப்பரில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

• கருப்பிலிருந்து வெள்ளை வரை 11 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையை முதலில் பிரிண்ட் எடுங்கள். எந்த ஷேடில் பிசகு என்று தெரியும். பிரிண்டர் செட்டிங்கில் வண்ண அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பச்சை அடித்தால் மெஜந்தாவைக் கூட்டுங்கள்.

• ஈரம் காயும் முன் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரு நாள் விட்டு, படத்தை மாட்டப்போகும் இடத்தின் வெளிச்சத்திலேயே பாருங்கள்.

• 4-க்கு 6 இஞ்ச் பிரிண்ட் தெளிவாக வர 1200-க்கு 1800 பிக்சல் போதும். 2-க்கு 3 இஞ்ச் பழைய படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் இது கிடைத்துவிடும்.

வெளியே கொடுக்கிறீர்களா?

"எத்தனை கலர் மெஷின்?" என்று மட்டும் கேட்காதீர்கள். 6 மை என்றாலும், கூடுதல் இரண்டும் வெளிர் சயான், வெளிர் மெஜந்தாவாக இருக்கலாம். "சாம்பல் மை இருக்கா? பிக்மென்ட்டா?" என்று கேளுங்கள். எப்சன் 2005-ல் கொண்டுவந்த 'கே3' மைகளில் கருப்போடு இரண்டு அடர்த்திகளில் சாம்பல் மையும் உண்டு. கருப்பு வெள்ளைக்கென்றே தனி பிரிண்ட் முறையும் வந்தது. அதில் சாம்பலின் பெரும்பகுதி சாம்பல் மையிலிருந்தே வரும்; சாயலைத் திருத்த மட்டும் கொஞ்சம் வண்ணம் சேரும். வேறு நிறுவனங்களின் போட்டோ பிரிண்டர்களிலும் இப்போது சாம்பல் மை வருகிறது.

முக்கியமான ஒன்று: புது பிரிண்ட் நன்றாக வந்துவிட்டது என்று பழைய போட்டோவைத் தூக்கிப் போடாதீர்கள். அது பெரும்பாலும் வெள்ளி உப்பு பூசிய தாளில், டார்க்ரூமில் கழுவி எடுத்ததாக இருக்கும். ஒழுங்காகக் கழுவி, ஈரம் படாமல் வைத்திருந்தால் 100 ஆண்டுகளுக்கு மேலும் நிற்கக்கூடியது. சுவருக்குப் புது பிரிண்ட் போகட்டும்; ஒரிஜினல் வெயில் படாத ஆல்பத்தில் இருக்கட்டும்.