எதிர்வினை நேரம்

ஒளி, ஒலி போன்ற தூண்டல் தோன்றியதிலிருந்து ஒருவர் விரலசைத்தோ வாய்திறந்தோ பதில் தரும்வரை செல்லும் காலம் எதிர்வினை நேரம் எனப்படும். இளைஞர்களிடம் இது ஒளிக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி. ஒலிக்குச் சற்றுக் குறைவு.

இதன் வரலாற்றைக் கிரீனிச் வானாய்வகத்திலிருந்து தொடங்குவது மரபு. விண்மீன் தொலைநோக்கியின் இழையைக் கடக்கும் கணத்தை, கடிகாரத் துடிப்பைக் காதால் எண்ணியபடியே கண்ணால் கணிப்பது அக்கால வழக்கம். உதவியாளர் டேவிட் கின்னெப்ரூக்கின் கணிப்பு தம்முடையதைவிட 0.8 நொடி பிந்தியதால் தலைமை வானியலாளர் நெவில் மாஸ்கலின் 1796இல் அவரை விலக்கினார். இருவருள் எவர் கணிப்பு சரி என்று பார்க்க மூன்றாவது அளவுகோல் இருக்கவில்லை. தலைவருடையதே சரியெனக் கொள்ளப்பட்டது. பின்னாளில் இந்நிகழ்ச்சி பற்றிய குறிப்பால் தூண்டப்பட்ட கோனிக்ஸ்பெர்க் வானியலாளர் பெசல், தேர்ந்த நோக்கர்களிடையேயும் இவ்வேறுபாடு உண்டென்று காட்டினார். 1823இல் அவருக்கும் வானியலாளர் ஆர்கெலாண்டருக்கும் இடையே அது 1.2 நொடியைத் தாண்டியது. கின்னெப்ரூக் 1802இலேயே இறந்துவிட்டதால் தம்மீதான பழி நீங்கியதை அறியவில்லை. இங்கே அளக்கப்பட்டது கண்ணையும் காதையும் ஒருங்கிணைக்கும் திறனே, எதிர்வினை அன்று என்ற மறுப்பும் உண்டு.

இத்தகைய நுண்ணிய கால அளவீடு பின்னர் ஆய்வகத்துக்கு நகர்ந்தது. உடலியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளை நரம்பில் உணர்வோட்டத்தின் வேகத்தை அளந்தார். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டிய ஹிப்பின் காலமானி ஆய்வகங்களுக்கு வந்தது. நெதர்லாந்தின் உடலியலாளர் டொண்டர்ஸ் 1868இல், தெரிவு வேண்டும் பணியின் நேரத்திலிருந்து எளிய பணியின் நேரத்தைக் கழித்தால் தெரிவுக்கான நேரம் கிடைக்கும் என்றார். ஒரு படியைச் சேர்த்தால் பணி முழுதுமே மாறிவிடும் என்பது உளவியலாளர் கியூல்பேயின் மறுப்பு. இவ்வழக்கு முற்றாகத் தீர்ந்ததாகத் தெரியவில்லை. உளவியலாளர் வுண்டின் லைப்சிக் ஆய்வகத்தில் லூட்விக் லாங்கே 1888இல், கவனம் தூண்டலின்மேல் இருந்தால் எதிர்வினை தாமதமாகும், கையின்மேல் இருந்தால் விரைவாகும் என்று கண்டார். இடைவெளி ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி. கவன ஆய்வுக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் அரிது.

வுண்டிடம் பயின்ற மனநல மருத்துவர் கிரப்பெலின் மது, தேநீர் முதலியவற்றின் விளைவை இவ்வாறே அளந்தார். மனநல மருத்துவர் யுங் சொல்லிணைப்புச் சோதனையில், பதில் தாமதமாகும் சொற்களில் உள்ளத்து நெருடலைத் தேடினார். 1930களில் உளவியலாளர் ஷாக்கோவும் உடனுழைத்தோரும் மனச்சிதைவு நோயாளரின் எதிர்வினை மந்தத்தை ஆராய்ந்தனர்.

உளவியலாளர் ஸ்டூவர்ட் டெய்லர் 1967இல் வெளியிட்ட வன்மச் சோதனை எதிர்வினைப் போட்டியின் வடிவிலானது. எதிராளி உண்மையில் இல்லை; வெற்றிதோல்வி முன்பே வகுக்கப்பட்டது. தோற்கும் எதிராளிக்கென ஒருவர் தேர்ந்தெடுக்கும் மின்னதிர்ச்சியின் அளவே வன்மமாகக் கொள்ளப்படும். அது வன்மத்தைக் காட்டுகிறதா, போட்டியுணர்வையா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

பதற்றமுள்ளோரின் கவனம் அச்சந்தரும் சொற்களின்பால் சாய்வதை எதிர்வினை நேரத்தால் அளக்கும் புள்ளிச் சோதனை 1986இல் வந்தது. அதன் நம்பகம் பின்னர் ஐயத்துக்குள்ளானது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறில் சராசரியைவிட எதிர்வினை நேரத்தின் ஏற்ற இறக்கமே இப்போது மிகுதியாகக் கவனிக்கப்படுகிறது. இந்நேரத்தை மட்டும் கொண்டு தனியொருவருக்கு எந்த மனநோயையும் உறுதிசெய்ய இயலாது.