பழவேற்காட்டுக் கரையில் ஒரு போதகர்



பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையிலுள்ள மணல்திட்டில் அமைந்த சிற்றூர் லைட்ஹவுஸ் குப்பம். அதன் அருகிலுள்ள முகத்துவாரம் மணலால் அடைபட்டால் படகு கடலுக்குப் போகாது. இறால் ஏரிக்குள் வராது. அம்மக்களின் அன்றாட ஆகாரம் அந்த ஒரு வாயிலை நம்பியிருக்கிறது.

இக்கரையிலிருந்து மீனவர் மட்டுமா கடலுக்குப் போனார்கள்? 1613இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. துணியோடு மனிதரும் இங்கிருந்து ஏற்றுமதியாயினர். பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகள் சரக்கைக் கொண்டுசேர்க்கும். பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அப்படியே பத்தாவியாவுக்கு அடிமைகளாய்ப் போனார்கள். அவர்களை வாங்கியவர்கள் ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கூடிய கிறிஸ்தவர்கள்.

1632 முதல் பத்து ஆண்டுகள் அங்கே ஆபிரகாம் ரோஜேரியுஸ் என்னும் போதகர் ஊழியம் செய்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து அவர் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1651இல் லெய்டனில் வெளியாயிற்று. இந்து சமயத்தை ஐரோப்பாவுக்கு விளக்கிய முன்னோடி நூல்களுள் அது ஒன்று. அயலாரின் நம்பிக்கையைப் பொறுமையாய்க் கேட்ட அவரை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்நூல் பிராமணரின் வாழ்வையும் வழிபாட்டையும் பற்றியது, கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றியதன்று. ஏழைகளை விற்றவர்களை ஆமோஸ் தீர்க்கதரிசி கடிந்துகொண்ட அதிகாரம் அவருடைய வேதாகமத்திலும் இருந்ததே!

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை இன்றும் பாதுகாக்கிறது. அங்கே கம்பெனியாரின் பெயர்கள் கல்லில் அழகாகச் செதுக்கப்பட்டுள்ளன. படகில் ஏற்றப்பட்டவர்களுக்கு அங்கே கல் இல்லை.