ஒரே ஒரு பிரவுசரில் மட்டும் வெப்சைட் ஸ்லோவா? நெட்டைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மசாலாக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகு, ஏலக்காய், சுக்கு வியாபாரம். அந்தக் கடையின் ஆன்லைன் ஆர்டர் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. காலையிலேயே கோயம்புத்தூரில் இருந்து ஒரு வாடிக்கையாளர் போன் பண்ணுகிறார்: "உங்க சைட்டு ஓப்பனே ஆக மாட்டேங்குதுங்க. சுத்திக்கிட்டே இருக்கு."

கடை லேப்டாப்பில் குரோமைத் திறந்து பார்க்கிறீர்கள். இரண்டே விநாடியில் பக்கம் வந்துவிடுகிறது. "இங்க நல்லாத்தாங்க வருது, உங்க நெட் ஸ்லோவா இருக்கும்" என்று சொல்லி போனை வைத்துவிடுகிறீர்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அதே லேப்டாப்பில் ஃபயர்பாக்ஸைத் திறக்கிறீர்கள். பதினைந்து விநாடி ஆகிறது.

அதே லேப்டாப், அதே வைஃபை, அதே பக்கம். அப்படியென்றால் தாமதம் எங்கே?

இந்த மாதிரி நேரத்தில் நம்மில் பலர் "குரோமில் திறந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் ஒரே ஒரு பிரவுசரில் மட்டும் ஸ்லோ என்பது, உண்மையில் எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய சிக்கல். தேட வேண்டிய இடம் ஏற்கெனவே பாதியாகச் சுருங்கிவிட்டது.

நெட் காரணமா?

கொச்சிக்கு இணையத்தில் ஒரு தனி இடம் உண்டு. தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் கடலுக்கடியில் இணைக்கும் 'சேஃப்' கேபிள், 2002 முதல் இந்த ஊரில்தான் இந்தியாவைத் தொடுகிறது. அதனால் இங்கே நெட் மந்தமானால் "கடல்ல கேபிள் அறுந்திருக்கும்" என்று சொல்ல ஆள் இருக்கும்.

ஆனால் குரோமுக்கு ஒரு கேபிள், ஃபயர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் என்று எதுவும் கிடையாது. ஒரு பிரவுசரில் பக்கம் வேகமாக வந்துவிட்டால் கேபிள், வைஃபை, சர்வர் மூன்றும் அடிப்படையில் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். மிச்சம் இருப்பவை மூன்று: அந்த பிரவுசரில் நீங்கள் சேர்த்து வைத்திருப்பவை, அது நெட்டுக்குப் போகும் வழி, அந்த பிரவுசரை வெப்சைட் நடத்தும் விதம்.

எந்த பிரவுசரோடு ஒப்பிடுகிறீர்கள்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிரவுசர்களின் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஓடும் இன்ஜின் ஒன்றாக இருக்கலாம். எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாமே குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தில்தான் ஓடுகின்றன. எட்ஜ் 2020 ஜனவரியில் அதற்கு மாறியது. ஃபயர்பாக்ஸுக்குச் சொந்த இன்ஜின் உண்டு. சஃபாரிக்கு வெப்கிட்.

இந்தியாவில் ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே இருப்பது வெப்கிட்தான். அதனால் ஐபோன் குரோமில் பார்த்துவிட்டு "குரோமில் சரியா இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள்.

இதை உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். குரோமில் ஸ்லோ, எட்ஜில் வேகம் என்றால் இன்ஜின் ஒன்றுதான். எனவே சந்தேகம் நேராக உங்கள் எக்ஸ்டென்ஷன், குக்கி, செட்டிங் பக்கம் திரும்ப வேண்டும். குரோம், எட்ஜ் இரண்டிலும் வேகம், ஃபயர்பாக்ஸில் மட்டும் ஸ்லோ என்றால் இன்ஜின், நெட்வொர்க் வழி, வெப்சைட்டின் கோடு ஆகியவையும் பட்டியலில் சேரும்.

இன்னொன்று. தினமும் பயன்படுத்தும் பிரவுசரில் படங்களும் ஃபான்ட்களும் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும். அதனால் அது வேகமாகத் தெரியும். ஒப்பிடும்போது இரண்டிலும் பிரைவேட் விண்டோவையே திறந்து பாருங்கள்.

இன்காக்னிட்டோ சோதனை என்ன சொல்லும்?

ஸ்லோவாக இருக்கும் பிரவுசரில் இன்காக்னிட்டோ அல்லது பிரைவேட் விண்டோவைத் திறந்து அதே பக்கத்துக்குப் போங்கள். அங்கே பழைய குக்கிகள், பழைய கேஷ் இருக்காது. நீங்கள் தனியாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்களும் ஓடாது.

அங்கே வேகமாக வந்தால் பிரச்சினை நீங்கள் சேர்த்து வைத்ததில்தான். அடுத்த இரண்டு படிகளில் ஆளைப் பிடித்துவிடலாம்.

முதல் படி, எக்ஸ்டென்ஷன்கள். விளம்பரத் தடுப்பான், கூப்பன் தேடுவது, இலக்கணம் திருத்துவது என ஒவ்வொன்றும் நீங்கள் திறக்கும் பக்கங்களுக்குள் புகுந்து வேலை பார்க்கலாம். ஒவ்வொன்றாக ஆஃப் செய்துகொண்டிருக்க வேண்டாம். பாதியை ஆஃப் செய்யுங்கள். வேகம் திரும்பினால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது. இல்லையென்றால் மறு பாதியில். 12 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நான்கு சுற்றுக்குள் முடிந்துவிடும். ஃபயர்பாக்ஸில் உதவி மெனுவில் இருக்கும் 'டிரபிள்ஷூட் மோட்' எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் ஒரேயடியாக நிறுத்திக் காட்டும்.

இரண்டாவது படி, அந்த ஒரு தளத்தின் சேமிப்பு. "எல்லா கேஷையும் கிளியர் பண்ணு" என்பதுதான் ஆபீஸில் கிடைக்கும் முதல் அறிவுரை. குக்கியையும் சேர்த்து அழித்தால் பேங்க், மெயில் என எல்லாவற்றிலும் லாக் அவுட் ஆவீர்கள். அது தேவையில்லை. அட்ரஸ் பாரின் இடது ஓரத்தில் இருக்கும் ஐகானை அழுத்தினால் அந்தத் தளத்தின் குக்கிகளையும் டேட்டாவையும் மட்டும் நீக்க வழி இருக்கும். அழிப்பதற்கு முன் கார்ட்டில் போட்டு வைத்த பொருட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்காக்னிட்டோவிலும் ஸ்லோ என்றால்?

இப்போது அந்த பிரவுசர் நெட்டுக்குப் போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

வெப்சைட்டின் பெயரைக் கொடுத்தால் சர்வரின் எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். வழக்கமாக எல்லா பிரவுசரும் கம்ப்யூட்டரின் டிஎன்எஸ்ஸையே கேட்கும். ஆனால் 'செக்யூர் டிஎன்எஸ்' என்ற வசதி ஆன் ஆகியிருந்தால் அந்த பிரவுசர் மட்டும் வேறு இடத்தில் முகவரி கேட்கலாம். அந்த இடம், பக்கத்தில் இருக்கும் சர்வருக்குப் பதிலாகத் தூரத்துச் சர்வரைக் காட்டிவிட வாய்ப்பு உண்டு.

தூரம் அவ்வளவு முக்கியமா? ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். கொச்சியில் இருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டிலேயே சுமார் 3,000 கி.மீ. ஒருமுறை போய்வர குறைந்தது 30 மில்லி விநாடி. இது சின்ன எண்தான். ஆனால் முதல் எழுத்து திரையில் வருவதற்குள் முகவரி கேட்பது, இணைப்பு போடுவது, பாதுகாப்புச் சாவி மாற்றிக்கொள்வது, பக்கத்தைக் கேட்பது என்று பல தடவை போய்வர வேண்டியிருக்கும். ஒரே பக்கம் பத்து வெவ்வேறு சர்வர்களில் இருந்து பொருள் எடுத்தால் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

அடுத்தது பிராக்ஸி. குரோமும் எட்ஜும் கம்ப்யூட்டரின் பிராக்ஸி செட்டிங்கைப் பின்பற்றும். ஃபயர்பாக்ஸில் தனி செட்டிங் வைக்க முடியும். பழைய ஆபீஸில் போட்டுக்கொடுத்த பிராக்ஸி இன்னும் அதில் உட்கார்ந்திருக்கலாம். பிரவுசருக்குள் போட்ட விபிஎன்னையும் ஒருமுறை ஆஃப் செய்து பாருங்கள்.

பக்கம் சீக்கிரம் வந்துவிடுகிறது, ஆனால் ஸ்க்ரோல் செய்தால் திக்குகிறது என்றால் அது நெட்வொர்க் பிரச்சினையே இல்லை. செட்டிங்கில் 'ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்' ஆன் ஆகியிருந்தால் ஆஃப், ஆஃப் ஆகியிருந்தால் ஆன் செய்து பிரவுசரை மூடித் திறங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். நான்கை ஒன்றாக மாற்றிவிட்டு வேகம் திரும்பினால் எது மருந்து என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

எஃப்12: நேரம் எங்கே போகிறது?

ஊகம் போதும், இனி அளந்து பார்க்கலாம். எஃப்12 அழுத்தி 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். சஃபாரியில் முதலில் செட்டிங்கில் டெவலப்பர் வசதியை ஆன் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கோடு வரும். மிக நீளமான கோட்டைக் கிளிக் செய்தால் நேரம் எதில் போனது என்று பிரித்துக் காட்டும்.

டிஎன்எஸ்ஸில் நீளம் என்றால் மேலே சொன்ன செக்யூர் டிஎன்எஸ். இணைப்பு போடுவதில் நீளம் என்றால் பிராக்ஸி, விபிஎன், அல்லது ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கிறது. 'வெயிட்டிங்'கில் நீளம் என்றால் சர்வர் யோசிக்கிறது. அந்த பிரவுசருக்கு மட்டும் வேறு மாதிரி பதில் அனுப்புகிறதா என்று பாருங்கள். டவுன்லோடில் நீளம் என்றால் ஃபைல் பெரிது. எல்லாக் கோடும் குட்டையாக இருந்தும் திரை வெள்ளையாகவே நின்றால் ஜாவாஸ்கிரிப்ட் மூச்சு வாங்குகிறது.

இரண்டு பிரவுசரிலும் இதைத் திறந்து அருகருகே வைத்துப் பாருங்கள். எந்தக் கோடு வித்தியாசப்படுகிறதோ, விடை அங்கேதான்.

பிரவுசர் மீதே தப்பு இருக்குமா?

இருக்கும். 2022 ஜனவரி 13 அன்று உலகம் முழுக்கப் பல ஃபயர்பாக்ஸ் பயனர்களுக்கு எந்தத் தளமும் திறக்கவில்லை. அவர்கள் எதையும் மாற்றியிருக்கவில்லை. ஃபயர்பாக்ஸ் தன் பயன்பாட்டுத் தகவலை அனுப்பும் கிளவுட் சர்வர் பக்கம், எச்டிடிபி/3 என்ற புதிய முறை தானாக ஆன் ஆனது. அந்த முறைக்கான ஃபயர்பாக்ஸ் கோடில் ஒரு பிழை ஏற்கெனவே ஒளிந்திருந்தது. ஒரு ஹெடரின் பெயரைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தோடு அது தேடியது. பெயர் சின்ன எழுத்தில் வந்ததால் கண்டுபிடிக்க முடியாமல் முடிவில்லாச் சுழலில் சிக்கியது. எல்லாத் தளங்களின் போக்குவரத்தும் அதே பாதை வழியாகப் போவதால் மொத்தமும் நின்றது. சர்வர் பக்கம் அந்த முறையை அணைத்த பிறகு, பிரவுசரை மூடித் திறந்தவர்களுக்குச் சரியானது.

எனவே திடீரென்று எல்லாத் தளமும் ஒரு பிரவுசரில் மட்டும் நின்றால், செட்டிங்கைக் கிளறுவதற்கு முன் மற்றவர்களுக்கும் அப்படியா என்று கேளுங்கள்.

வெப்சைட் மீது தப்பு என்றால்?

2018 ஜூலையில் மொசில்லாவின் கிறிஸ் பீட்டர்சன், யூடியூப் பக்கம் குரோமைவிட ஃபயர்பாக்ஸிலும் எட்ஜிலும் 5 மடங்கு மெதுவாகத் திறக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். புதிய வடிவமைப்பு, குரோமில் மட்டுமே இருந்த, கைவிடப்பட்டுக்கொண்டிருந்த ஒரு தொழில்நுட்பத்தை நம்பியிருந்தது என்பது அவர் சொன்ன காரணம். அப்போது எட்ஜுக்குச் சொந்த இன்ஜின் இருந்தது. பயனர்கள் எத்தனை முறை கேஷை அழித்தாலும் அது சரியாகியிருக்காது.

இப்போது மசாலாக் கடைக்குத் திரும்புவோம். நீங்கள்தான் தளத்தைப் பார்த்துக்கொள்கிறீர்கள். ஸ்பீட் டெஸ்டில் பச்சை மதிப்பெண் வருகிறது. ஆனால் கூகுளின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' காட்டும் நிஜப் பயனர் தகவல், குரோம் பயனர்களிடம் இருந்து மட்டுமே வருவது. ஐபோனில் குரோம் வைத்திருப்பவர்கள்கூட அந்தக் கணக்கில் இல்லை. ஃபயர்பாக்ஸில் 15 விநாடி காத்திருந்தவர் அந்தப் பச்சையில் எங்கேயும் இல்லை.

மேக் இல்லாமலும் வெப்கிட்டைச் சோதிக்கலாம். மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியான 'பிளேரைட்' குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் மூன்றையும் விண்டோஸிலேயே ஓட்டிக் காட்டும். ஆர்டர் பக்கத்தை மாற்றும்போதெல்லாம் மூன்றிலும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

புகார் கொடுக்கும்போது கவனம்

தளம் உங்களுடையது இல்லையென்றால் அதை நடத்துபவருக்கு எழுதுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பிரவுசரின் பெயர், வெர்ஷன், பக்கத்தின் முகவரி, நேரம், இன்காக்னிட்டோவில் எப்படி, வேறு பிரவுசரில் எத்தனை விநாடி. இவ்வளவு போதும்.

அவர்கள் 'எச்ஏஆர்' ஃபைல் கேட்டால் மட்டும் யோசித்து அனுப்புங்கள். நெட்வொர்க் பகுதியின் முழுப் பதிவு அது. உங்கள் லாக்இன் குக்கிகளும் அதில் இருக்கலாம். 2023-இல் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவித் தளத்துக்குள் புகுந்தவர்கள், இப்படி அனுப்பப்பட்டிருந்த ஃபைல்களில் இருந்துதான் லாக்இன் டோக்கன்களை எடுத்தார்கள். இன்காக்னிட்டோவில், லாக்இன் செய்யாமல் பதிவு செய்து அனுப்புவது நல்லது. லாக்இன் செய்தே ஆக வேண்டும் என்றால், பதிவு முடிந்ததும் லாக் அவுட் செய்துவிட்டு அனுப்புங்கள்.

மட்டாஞ்சேரியின் மிளகுச் சந்தையில் ஒரு காலத்தில் தரகர்கள் நேருக்கு நேர் நின்று, சத்தம் போட்டு விலை சொல்வார்கள். காதில் விழாதவர் "என்ன விலை?" என்று திருப்பிக் கேட்பார். வெப்சைட்டில் அப்படி யாரும் கேட்பதில்லை. பக்கம் வராவிட்டால் மூடிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். கோயம்புத்தூர்க்காரர் போன் பண்ணிச் சொன்னார். அவரைத் திரும்பக் கூப்பிட்டு, "உங்க நெட் இல்லைங்க, எங்க பக்கம்தான் பார்க்கணும். நீங்க எந்த பிரவுசர்ல திறந்தீங்க?" என்று கேளுங்கள்.